முட்டுக்காட்டுத் துறையில் நிக்காஹ் புடவை

செங்கல்பட்டு மேட்டுத் தெருவில் ஜெய்புன்னிசாவைத் தேடி வருகிறவர்கள் வாசலில் நின்று குரல் கொடுப்பதில்லை. தையல் மிஷின் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கிறாள் என்று நேராக நுழைந்துவிடுவார்கள். சத்தம் இல்லையென்றால் தொழுதுகொண்டிருப்பாள். வாசற்படியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவள் புருஷன் அப்துல் சுபஹான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழக்கடை வைத்திருந்தவர். மகன் கையூமுக்கு ஆறு வயதானபோது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதன் பிறகு அந்த மிஷின்தான் வீட்டை நடத்தியது. தெருவில் பாதிப் பேருடைய ரவிக்கை அவள் தைத்ததுதான். கையூம் வளர்ந்து லாரி பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்த பிறகும் அவள் மிஷினை மூடி வைக்கவில்லை.

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. கோபம் வந்தால் உதட்டுக்குள் ஊசியைக் கவ்விக்கொள்வாள், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். மகனுக்கு வரப்போகிற பெண் கட்டுகிற நிக்காஹ் புடவை புதிதாக இருக்க வேண்டும், அது அவளுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். இதற்குக் காரணம் அவள் தம்பி ஜெயினுலாபுதீனுக்குத்தான் தெரியும். பதினாறு வயதில் அவளுக்கு நிக்காஹ் ஆனபோது கட்டியிருந்த அரக்குப் பட்டு இரவல். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே மாமியார் உள்ளே வந்து, "கழட்டிக் குடு, அவங்க வூட்ல கேட்டு ஆள் அனுப்பிட்டாங்க" என்றாள். மணப்பெண் ஒரு பழைய நூல் புடவையில் மிச்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் கேலி செய்யவில்லை. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

எனவே கோவளத்தில் பெண் அமைந்ததும் அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போனாள். கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு புடவையின் உட்பக்கத்தையும் திருப்பி, நெசவைப் பார்த்து, விரலால் நெருடி, வேண்டாம் என்று வைத்தாள். ஜெயினுலாபுதீன் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தான். கடையை அடைத்துவிட்டு வந்தவன், மாலையில், "அக்கா, பொண்ணு பாக்க ஒரே நாள்தான் ஆச்சு. பொடவை பாக்க இவ்ளோ நாழியா?" என்று அலுத்துக்கொண்டான். கடைசியில் இலைப் பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டு ஒன்றை அவள் எடுத்தாள். பெண்வீட்டுப் பெண்களுக்கு மரியாதைக்கு இன்னும் நான்கு பட்டு.

அது எழுபத்தாறாம் வருஷம். ஐப்பசியில் அடித்த மழையில் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் வழியில் இருந்த தரைப்பாலம் உடைந்துபோனது. மராமத்து ஆகும்வரை படூர்ப் பக்கத்திலிருந்து காயலைக் கடந்து முட்டுக்காட்டுக்குப் படகு விட்டார்கள். அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கோவளம். திங்கட்கிழமை பகலில் பெண் வீட்டில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் அன்று காலை துறை வரை வேனில் வந்து படகில் கடப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாளே மருதாணிக்கு முன்னால் புடவைப் பெட்டி போய்ச் சேர வேண்டும் என்பது இரண்டு வீட்டிலும் பேசி வைத்த முறை. ஞாயிற்றுக்கிழமை காலை ஜெய்புன்னிசா நிக்காஹில் மணப்பெண் கழுத்தில் கட்டும் கருகமணியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜெயினுலாபுதீன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். திருப்போரூர் வழியாக பஸ் மாறி இருவரும் படூர்த் துறைக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்.

பத்து நாளாக மூடியிருந்த வானம் அன்று பளிச்சென்று வெளுத்திருந்தது. கோவளக் கடற்கரையில் புதிதாக ஒரு பெரிய ஹோட்டல் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸ் ஆட்கள் அந்தப் பக்கம் வர ஆரம்பித்திருந்தார்கள். துறையில் அப்படி ஒரு குடும்பம் நின்றது. ரவிச்சந்திரன் என்று ஒரு ஆபீஸ்காரர், கறுப்புக் கண்ணாடியும் தொளதொளத்த பேண்ட்டுமாக. பக்கத்தில் அவர் மனைவி, ஐந்து வயதுப் பெண் குழந்தை. கையில் டிபன் கேரியரும் ஒரு பித்தளைக் கூஜாவும். அந்த ஹோட்டலில் துணி துவைக்கும் வேலைக்குப் போகிற பாப்பா என்ற பெண்ணும் நின்றாள். படாளத்துக்காரி, வயல் வேலையை விட்டுவிட்டு வந்து படூரில் குடியிருந்தாள். இன்னும் நான்கைந்து பேர்.

படகு என்பது இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்தது. இரண்டு கரைக்கும் இடையே ஒரு பெரிய வடம் கட்டியிருந்தார்கள். படகின் ஓரத்தில் அடித்திருந்த இரும்பு வளையத்துக்குள் அந்த வடம் ஓடும். படகுக்காரன் வரதன் வடத்தைக் கையால் பிடித்து இழுத்து இழுத்துப் படகை அக்கரை சேர்ப்பான்.

அன்று வரதன் வடத்தைத் தொடாமல் கரையிலேயே குந்தியிருந்தான்.

"இன்னாப்பா, கெளம்பலியா?" என்றான் ஜெயினுலாபுதீன்.

"முகத்துவாரம் தெறந்துக்கிச்சு அண்ணாத்த. கடலு தண்ணிய இழுத்துகினு கீது. செத்த நேரம் போனா அடங்கிடும்."

ரவிச்சந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவே போகலேன்னா நாங்க எப்போ பீச்சைப் பார்த்து எப்போ திரும்பறது? இருட்டறதுக்குள்ள மெட்ராஸ் போய்ச் சேரணும்பா."

"எனக்கும் வேலைக்கு நேரமாவுது" என்றாள் பாப்பா. "சூப்பர்வைசர் கத்துவான்."

வரதன் தண்ணீரைப் பார்த்தான். மேலாகப் பார்த்தால் அது அமைதியாகத்தான் இருந்தது. பழுப்பு நிறத்தில், சத்தமில்லாமல், கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

ஜெய்புன்னிசாவும் பேசினாள். "அங்க எல்லாரும் காத்துகினு இருப்பாங்க. நிக்காஹ் பொடவை எடுத்துகினு போறோம். நேத்தும் போய்ட்டு வந்துகினுதான இருந்த நீ? பாத்து இட்டுகினு போப்பா."

வரதன் எழுந்து துண்டைத் தலையில் கட்டினான்.

பாதி தூரம் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரவிச்சந்திரனின் குழந்தை கொக்குகளைக் காட்டிக் கை தட்டியது. மேற்கே வரிசையாகத் தென்னை, கிழக்கே வெள்ளையாக மணல்மேடு, அதற்கும் அப்பால் கடல் ஒரு நீலக் கோடாக. "என்ன அழகுங்க!" என்றாள் ரவிச்சந்திரனின் மனைவி. ஜெய்புன்னிசா எதையும் பார்க்கவில்லை. பெட்டியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரதன் வடத்தை இழுக்கும்போது அவன் முதுகு முறுக்கேறி வளைவதைத்தான் அவள் கவனித்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் மூச்சு கனத்துக்கொண்டே வந்தது. வடம் நடுவில் வில்லாக வளைந்து கிழக்குப் பக்கமாகப் புடைத்திருந்தது.

"எல்லாரும் கெட்டியா புடிச்சிக்கங்க!" என்று வரதன் திடீரென்று கத்தினான்.

மேற்கிலிருந்து ஒரு பனந்தண்டு மிதந்து வந்தது. மழையில் எங்கேயோ சாய்ந்த மரம். வரதன் கழியை எடுத்து அதைத் தள்ளப் பார்த்தான். அது திரும்பிப் படகின் விலாவில் மோதியது. பலகை கிறீச்சிட்டது. அடுத்த கணம், வளையத்தை அடித்திருந்த கட்டை அப்படியே பெயர்ந்து, வடத்தோடு போய்விட்டது. வடம் படகை விட்டு விலகி, தண்ணீரில் ஒரு முறை அறைந்து எழும்பி, எட்டாத தூரத்தில் நின்றது.

 என்ன நடந்தது என்று புரிய படகில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. படகு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கிழக்கே போக ஆரம்பித்தது.

வரதன் கழியை ஆழத்தில் ஊன்றினான். கழி முழுவதும் தண்ணீருக்குள் போயிற்று. தரை தட்டவில்லை. மறுபடி ஊன்றினான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் ரவிச்சந்திரனின் மனைவி குழந்தையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதற ஆரம்பித்தாள்.

"எட்டலியாப்பா?" என்றான் ஜெயினுலாபுதீன்.

"எட்டல."

"முன்னால இன்னா கீது?"

வரதன் கழியால் கிழக்கே காட்டினான்.  கடல் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. மணல்மேடு உடைந்து காயல் தண்ணீர் கடலில் பாய்கிற இடத்தில் அலைகள் எதிர்த்து எழும்பி வெள்ளையாக நொறுங்குவது தெரிந்தது. ஜெய்புன்னிசாவின் வாய் தானாக துவா ஓதியது. பாதியில் அடுத்த வார்த்தை மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால், மணல்மேட்டை ஒட்டி, மீன்பிடிக்கிறவர்கள் வலை கட்ட நட்டு வைத்த சவுக்குக் கம்புகள் நின்றன. வரதன் அதைத்தான் குறி வைத்திருந்தான். படகு அருகே போனதும் முனையில் கிடந்த கட்டுக்கயிற்றை எடுத்துக்கொண்டு பாய்ந்து ஒரு கம்பைக் கட்டிப்பிடித்தான். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. தண்ணீர் அதன் இரண்டு பக்கமும் நுரைத்துக்கொண்டு ஓடியது.

மணல்மேட்டில் ஐந்தாறு மீனவர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். படகுக்கும் அவர்களுக்கும் நடுவே முப்பது எட்டுத் தூரம்தான் இருக்கும். ஆனால் அந்த இடைவெளியில்தான் தண்ணீர் மிக வேகமாக ஓடியது. ஒருவன் இறங்கிப் பார்த்தான். இடுப்பளவு போவதற்குள் கால் பறிந்தது. மற்றவர்கள் அவனை முடியைப் பிடித்து இழுத்தார்கள்.

"கவுறு வீசு!" என்று அங்கிருந்து கத்தினார்கள்.

"கவுறு இல்ல!" என்று வரதன் கத்தினான். "கீற ஒண்ணையும் கம்புல கட்டிட்டேன்!"

ஒருவன் கட்டுமரம் கிடக்கிற இடத்தை நோக்கிக் கயிறு எடுக்க ஓடினான். அது தூரம். அவன் சின்னதாகிக்கொண்டே போவதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டியிருந்த கம்பு லேசாகச் சாய்ந்தது.

"தாங்காது" என்றான் வரதன். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னான்.

ஜெயினுலாபுதீன் கைலிக்கு மேலே கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். இன்னொருவன் வேட்டியை அவிழ்த்தான். இரண்டையும் சேர்த்து முடிந்து இழுத்துப் பார்த்தார்கள். பழைய வேட்டி நடுவில் பர்ரென்று கிழிந்தது.

பாப்பா திரும்பினாள். "யம்மா, அந்தப் பொட்டியில பொடவைதான கீது?"

எல்லோரும் ஜெய்புன்னிசாவைப் பார்த்தார்கள்.

"நிக்காஹ் சாமான்மா அது" என்று ஜெயினுலாபுதீன் ஆரம்பித்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

அவள் பெட்டியைத் திறந்துவிட்டாள். மேலே இருந்த நான்கு புடவைகளையும் எடுத்து பாப்பாவின் கையில் வைத்தாள். மெரூன், நீலம், வெங்காயத் தோல் நிறம், மஞ்சள். பாப்பா யோசிக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒருவனை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி முறுக்கினாள்; வைக்கோல் கட்டுக்குப் பிரி முறுக்குகிற மாதிரி. முறுக்கியதை ஒன்றோடொன்று முடிந்து, முடிச்சின் மேல் காலை வைத்து இறுக்கினாள். ரவிச்சந்திரன் கூஜாவில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அதை நீட்டினார். "இதைக் கட்டுங்க. கனம் இருந்தாத்தான் வீச முடியும்."  அவருடைய கறுப்புக் கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

கூஜாவை முனையில் கட்டினார்கள். ஜெயினுலாபுதீன் எழுந்து நின்று சுழற்றி வீசினான். பாதியில் விழுந்து தண்ணீரில் அடித்துக்கொண்டு போயிற்று. இழுத்து மறுபடி வீசினான். இந்த முறை தூரம் போனது. அங்கே ஒருவன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினான். அவன் விரலுக்கும் கூஜாவுக்கும் நடுவே சில முழம் பாக்கி. தண்ணீர் அவனைப் புரட்டியது. பின்னால் இருந்தவர்கள் இழுத்துக்கொண்டார்கள்.

"பத்தல!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"இன்னும் ஒரே ஒரு பொடவை இருந்தா எட்டிடும்" என்றாள் பாப்பா, நனைந்த புடவைகளை இழுத்துக்கொண்டே. அவள் தன் சேலையைப் பார்த்தாள். அது நைந்துபோன நூல் சேலை. ரவிச்சந்திரனின் மனைவி உடுத்தியிருந்தது மெல்லிய நைலக்ஸ்.

பெட்டியின் அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி ஐந்தாவது புடவை இருந்தது. அது அங்கே இருப்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஜெயினுலாபுதீன் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றே கரையைப் பார்த்தபடி நின்றான். ஜெய்புன்னிசா பெட்டியின் மூடி மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். கட்டுமரத்துக்குப் போனவன் வந்துவிடுவான் என்று நினைத்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மணல் வெறுமையாகக் கிடந்தது.

கம்பு இன்னும் ஒரு சாண் சாய்ந்தது. படகின் ஒரு முனை தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. "அம்மா, வீட்டுக்குப் போலாம்மா" என்றது குழந்தை. அழாமல், சாதாரணமாகக் கேட்டது.

ஜெய்புன்னிசா மூடியைத் திறந்தாள். வெள்ளைத் துணியைப் பிரித்தாள். பச்சைப் பட்டை பாப்பாவிடம் கொடுக்கவில்லை. ஒரு முனையை அவளிடம் நீட்டிவிட்டு மறுமுனையைத் தானே பிடித்துத் தானே முறுக்கினாள். புதுப் பட்டு கையில் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். அதை மற்றவற்றோடு முடிந்து, கடைசி முனையைப் படகின் குறுக்குக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி வரதன் கட்டினான்.

ஜெயினுலாபுதீன், "பிஸ்மில்லா" என்று சொல்லி வீசினான்.

கூஜா மணலில் விழுந்த சத்தம் இங்கே வரை கேட்டது. நான்கு பேர் அதன் மேல் விழுந்து பிடித்தார்கள்.

அதே நேரத்தில் கம்பு அடியோடு பெயர்ந்து வந்துவிட்டது.

படகு பாய்ந்தது. புடவைகள் ஒரே கோடாக நீண்டு விறைத்தன. அதிலிருந்து தண்ணீர் பிழிந்து சிதறியது. பட்டு முறுகுகிற சத்தம் ஒரு மாதிரி முனகலாக எழுந்தது. குறுக்குக் கட்டையில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. அது பச்சைப் புடவையைக் கடித்துவிட்டது. ஜெய்புன்னிசாவின் கண்ணெதிரிலேயே அது நூல் நூலாக விட ஆரம்பித்தது. அவள் கிழிசலுக்கு அந்தப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டையில் காலை உதைத்து இழுத்தாள். பாப்பா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். ரவிச்சந்திரன் பாப்பாவுக்குப் பக்கத்தில் கை கொடுத்தார். கரையில் பிடித்திருந்தவர்கள் மணலில் முழங்காலிட்டு, குதிகாலை ஊன்றி, பின்னுக்குச் சரிந்தார்கள்.

படகு நேராகக் கடலுக்குப் போகாமல் பக்கவாட்டில் வளைந்து, மணல்மேட்டின் விளிம்பில் இடித்து ஏறி நின்றது.

கயிறு எடுக்கப் போனவன் அப்போதுதான் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தான்.

இறங்கியவர்களில் சிலர் மணலில் படுத்துவிட்டார்கள். வரதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ரவிச்சந்திரனின் மனைவி ஜெய்புன்னிசாவைக் கட்டிக்கொண்டாள்.  ஜெய்புன்னிசாவின் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. அவள் அதைப் பார்க்காமல், பாப்பா முடிச்சுகளை அவிழ்ப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நனைந்து இறுகிய முடிச்சுகளைப் பல்லால்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. நான்கு புடவைகளில் ஒன்று இரண்டாகக் கிழிந்திருந்தது. மற்ற மூன்றும் கசங்கி மணலேறியிருந்தன. பச்சையில் உடல்பகுதியின் நடுவே மூன்று சாண் நீளத்துக்கு நார் நாராகத் தொங்கியது. முந்தானை பிழைத்திருந்தது.

கோவளம் வரை பெட்டியை ரவிச்சந்திரன்தான் தோளில் சுமந்தார். ஜெயினுலாபுதீன் கேட்டும் கொடுக்கவில்லை. பெண் வீட்டுத் தெருமுனையில் இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டார். அவர் குழந்தை கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

பெண்ணின் அம்மா ஜஹனாரா வாசலிலேயே நின்றாள். கூடத்தில் பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் பெட்டியைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். நனைந்து, மணலும் சேறுமாக வந்து நிற்கிற சம்பந்தியைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜெயினுலாபுதீன்தான் நடந்ததைச் சொன்னான்.  ஜஹனாரா பெட்டியைத் திறந்து பச்சைப் புடவையை எடுத்து விரித்தாள். கிழிசல் வழியாக அவள் கை தெரிந்தது.

மணப்பெண் சுராயாவின் பெரியம்மா முன்னால் வந்தாள். "உசுரு பொழச்சது அல்லாவோட கருணை. நான் இல்லேங்கல. ஆனா நிக்காஹ் பொடவையே கிழிஞ்சு வந்துகீதே. இது நல்லதுக்கு இல்ல ஜஹனாரா. தேதிய தள்ளி வை."

"நாளைக்கு மாப்ள வூட்டு ஜனம் பூரா வருது" என்றான் ஜெயினுலாபுதீன்.

"அதே படகுலதான? மொதல்ல அவங்க ஒழுங்கா வந்து சேரட்டும்."

கூடத்தில் யாரோ, "ஆமா" என்றார்கள்.  கையூமும் மறுநாள் அந்தத் தண்ணீரைக் கடந்துதான் வர வேண்டும் என்பது ஜெய்புன்னிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜஹனாரா இரண்டு பக்கமும் பேசவில்லை. "கருகமணி?" என்று மட்டும் கேட்டாள்.

"இடுப்புல கீது."

ஜஹனாரா உள்ளே போய் பீரோவைத் திறந்து, நாப்தலின் மணக்கிற ஒரு சிவப்புப் பட்டை எடுத்து வந்தாள். "இது என்னோட நிக்காஹ் பொடவை. நாளைக்கு சுராயா இத்தக் கட்டிக்கட்டும். அப்பறம் மடிச்சு வச்சிக்கலாம். தேதியெல்லாம் மாத்த வேணாம்."

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. பெரியம்மாகூட முணுமுணுப்பை நிறுத்தினாள். ஆனால் ஜெய்புன்னிசா, "வேணாம் சம்பந்தி" என்றாள்.

"ஏன்?"

"இரவல் பொடவையில வேணாம்."

ஜஹனாராவின் முகம் சிவந்தது. "என் பொண்ணுக்கு என் பொடவை இரவலா? இன்னா பேச்சு பேசறீங்க? நீங்க எடுத்துகினு வந்தது இந்த லட்சணத்துல கீது. நான் வாய் தெறந்து ஒரு வார்த்தை சொன்னனா?"

ஜெயினுலாபுதீன் அக்காவின் கையைத் தொட்டான். அவள் விலக்கிவிட்டாள். கூடத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். இனி ஒரு வார்த்தை தவறி விழுந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போது ஜெய்புன்னிசா, இத்தனை வருஷமாகத் தம்பியைத் தவிர யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அத்தனை பெண்கள் நடுவே சொன்னாள். அந்த அரக்குப் புடவை, பந்தி, மாமியார் உள்ளே வந்தது, நூல் புடவையோடு உட்கார்ந்திருந்தது. அழவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். "உங்க மேல கொறை சொல்லல சம்பந்தி. நீங்க ஆசையாத்தான் குடுக்கறீங்க. என்னாலதான் முடியல. நிக்காஹ் முடிஞ்சு அந்தப் பொண்ணு பொடவைய மாத்தறத நான் பாக்க மாட்டேன்."

 ஜஹனாரா சிவப்புப் புடவையைப் பாய் மேல் வைத்தாள். "அப்ப இன்னா பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க" என்றாள். கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் கேட்டது நிஜமாகவே கேட்டதுதான்.

"தையல் மிஷின் கீதா?"

"பக்கத்து வூட்ல கீது."

"கிழிஞ்ச எடத்த வெட்டி எடுத்துட்டு ரெண்டையும் சேத்துடறேன். கொசுவத்துல உள்ள போய்டும். பொண்ணு ஒல்லிதான, நீளம் பத்தும்."

முதலில் அதை நல்ல தண்ணீரில் அலச வேண்டியிருந்தது. உப்பு போகும்வரை கிணற்றடியில் ஜஹனாரா வாளி வாளியாக இறைத்து ஊற்றினாள். பிறகு மாடிக்கு எடுத்துப் போனார்கள். கொடியில் போட்டால் கரை சுருங்கும் என்று ஜெய்புன்னிசா சொன்னதால் ஆள் பிடித்துத்தான் காய வைக்க வேண்டும். அவள் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையைப் பிடிக்க யார் வருகிறார்கள் என்று பார்த்தபோது, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுராயாவே ஏறி வந்தாள். மணப்பெண் அன்று வெளியே வரக் கூடாதுதான். யாரும் தடுக்கவில்லை.

மாடியிலிருந்து கடல் முழுவதும் தெரிந்தது. தர்காவின் மினாரா, சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் ஹோட்டலின் வட்டக் குடிசைகள், மணலில் நடக்கிற மெட்ராஸ்காரர்கள். காற்று பலமாக அடித்தது. புடவை இரண்டு பேருக்கும் நடுவே பாய்மரம் போல உப்பியது. நடுவே அந்த ஓட்டை.

"பயமா இருந்துச்சா மாமி?" என்று சுராயா கேட்டாள். அவள் ஜெய்புன்னிசாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இருந்துச்சு. இன்னும் கீது."

"நாளைக்கு அவங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"வரதனுக்கு ஆள் அனுப்பி சொல்லிட்டேன். தண்ணி அடங்காம வடத்த தொடக் கூடாதுன்னு."

சொன்னாளே தவிர, அந்த நினைப்பு அவளை விடவில்லை. மிஷினில் உட்கார்ந்து கிழிசலை வெட்டும்போது, உரிந்த கையில் கத்தரி பட்டு எரிந்தபோது, ஜஹனாரா எதிரே உட்கார்ந்து துணியை நகராமல் பிடித்துக்கொண்டபோது, எல்லாம் அவள் காது கடல் இரைச்சலிலேயே இருந்தது. அந்தி மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போது தையல் முடிந்தது. ஜஹனாரா இணைப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மருதாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மகளிடம் போனாள்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நிக்காஹ் ஓதி வைக்க ஹஜ்ரத் வந்து காத்திருந்தார். பெரியம்மா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். அந்த நடையே ஜெய்புன்னிசாவுக்குத் தாங்க முடியவில்லை. உச்சிவேளை லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்ன பிறகுதான் தெருமுனையில் கையூமின் தலைப்பாகை தெரிந்தது. அவன் வேட்டி முழங்கால்வரை ஈரம். "தண்ணி அடங்கற வரைக்கும் படகுக்காரன் ஏத்தவே இல்லம்மா. கெஞ்சிப் பாத்தோம், திட்டிக்கூட பாத்தோம். மாட்டேன்னுட்டான்" என்றான்.

நிக்காஹ் நடந்தது. பச்சைப் பட்டின் இணைப்பு கொசுவத்துக்குள் போய்விட்டது. கருகமணியை ஜெய்புன்னிசாவே கட்டினாள். பெரியம்மா சாப்பிட்டாள், துவாவுக்குக் கை ஏந்தினாள், ஆனால் புடவையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு திரும்பியபோது முட்டுக்காட்டுக் கரையில் வரதன் தயாராக இருந்தான். படகில் புது வளையம், அதோடு காவலுக்கு இன்னொரு கயிறு. தண்ணீர் அசையாமல் கிடந்தது. எல்லோரும் ஏறினார்கள். ஜெய்புன்னிசாவுக்கு மட்டும் கால் எழவில்லை. கரையில் நின்றபடி பலகையைப் பார்த்தாள். பலகையில் நேற்றுப் பிளந்த இடத்தில் புதுத் தகடு அடித்திருந்தது. கையூம் இறங்கி வர எழுந்தான். அதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட்டாள்.

நடுவில் வடம் வளையத்தில் உரசுகிற சத்தம் மட்டும். அவள் சுராயாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தாள் என்பது, அக்கரை தட்டிக் கையை எடுத்தபோது மருதாணிக்கு மேலே பதிந்திருந்த ஐந்து விரல் தடத்தில்தான் தெரிந்தது.

படூர்க் கரையில் இறங்கி நான்கு எட்டு நடந்ததும் ஜெய்புன்னிசா தென்னை மரத்தடியில் குந்தி வாந்தி எடுத்தாள். நேற்றுக் காலையிலிருந்து உள்ளே இருந்தது எல்லாம் வந்தது.  ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். சுராயா சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் நெற்றியை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள், மறு கையால் முதுகைத் தடவினாள்.

கையூம் தண்ணீர் கொண்டு வந்தான். ஜெய்புன்னிசா வாயைக் கொப்பளித்து முகத்தைக் கழுவினாள். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"போலாம்" என்றாள். "வண்டியக் கெளப்பச் சொல்லு."